வேதியியலை விட்டு வந்த பெண்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சி நடிகர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சங்கடம் உண்டு. மேடை நடிகருக்கு அரங்கு இருக்கிறது, திரைப்பட நடிகருக்குச் சுவரொட்டி இருக்கிறது. தொடரில் நான்காவது, ஐந்தாவது பெயராக வருபவருக்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஒன்றும் இருப்பதில்லை. அவருடைய வாழ்க்கையை அறிய வேண்டுமானால் ஒரு தொடரில் இரண்டு ஆண்டு, இன்னொன்றில் ஒரே ஓர் அத்தியாயம் என்று சிதறிக் கிடப்பதை நாம்தான் தேடி எடுத்துச் சேர்க்க வேண்டும். அப்படி நான் சேர்த்துப் பார்த்த ஒருவர், பிரிட்டிஷ் நடிகை கரோலைன் சிக்கேசி.

1974இல் இங்கிலாந்தில், நைஜீரியாவைச் சேர்ந்த இக்போ பெற்றோருக்குப் பிறந்தவர் இவர். இக்போ மக்கள் நைஜீரியாவின் தென்கிழக்கில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள். 1967இல் பியாஃப்ரா என்ற தனிநாட்டை அறிவித்துப் போரிட்டு, பசியால் பெருந்திரளாக மடிந்து, 1970 ஜனவரியில் தோற்றவர்கள். அந்தப் போர் முடிந்து நான்கே ஆண்டுகள் கழித்துப் பிறந்த பெண் இவர். சிக்கேசி என்ற பெயரின் தொடக்கத்தில் உள்ள ‘சி’ என்ற அசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்போ நம்பிக்கையில் ஒவ்வொருவருக்கும் உரிய தெய்வம், அவரவருடைய விதியையும் கையில் வைத்திருக்கும் தெய்வம், ‘சி’ எனப்படும். ‘ஒருவர் ஆம் என்றால் அவருடைய சியும் ஆம் என்னும்’ என்பது அவர்களிடம் வழங்கும் பழமொழி.

இந்தப் பெண் சிறு வயதிலேயே நடிப்புக்கு ஆம் என்றுவிட்டார். பெற்றோர் இல்லை என்றார்கள். பதினான்கு வயதில் அவரை நைஜீரியாவில் ஓர் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார்கள், நடிகையாகும் ஆசை அங்கே தானாக வற்றிவிடும் என்ற கணக்கில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்பதுகளின் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு என்ன வேடம் கிடைத்தது என்று பார்த்தால், அந்தப் பெற்றோரின் அச்சம் பழமைவாதமாகத் தோன்றாது, வெறும் கணக்காகத்தான் தோன்றும்.

ஆசை வற்றவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பியவர் லண்டனின் மேற்கே உள்ள புரூனெல் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியல் படிக்கச் சேர்ந்தார், முடிக்காமல் வெளியேறினார். இத்தாலியா கோன்டி நாடகப் பள்ளியில் பகுதிநேரமாகப் பயின்றார். பிறகு லண்டனின் வான்ட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த, சுருக்கமாக ‘ஆல்ரா’ எனப்பட்ட நடிப்புக் கல்லூரியில் உதவித்தொகை பெற்று நுழைந்தார். வீட்டார் விரும்பாத படிப்புக்கு உதவித்தொகை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அது பணம் மட்டுமன்று, வீட்டில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ். அந்தக் கல்லூரி 2022 ஏப்ரலில் திடீரென மூடப்பட்டுவிட்டது என்பதையும் வருத்தத்தோடு சொல்லிக் கடக்கிறேன்.

1998இல் வந்த ‘பேபிமதர்’ என்ற இசைப்படத்தில் ஷரோன் என்ற தோழியாக நடித்தார். லண்டனின் ஹார்ல்ஸ்டன் பகுதியில் வாழும் ஜமைக்கா வம்சாவளியினரின் இசையுலகம் அந்தப் படத்தின் களம். அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 2001இல் சேனல் ஃபோரில் தொடங்கிய ‘ஆஸ் இஃப்’ தொடர். லண்டனில் வாழும் ஆறு இளைஞர்களின் கதை அது. அதன் கட்டமைப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் அறுவரில் ஒருவரின் பார்வையில் நகரும். ஆகவே சிக்கேசி நடித்த சாஷா, பக்கத்தில் நின்று தலையாட்டும் கறுப்பினத் தோழியாகக் கரைந்துவிடாமல், தன் முறை வரும்போது கதையின் கண்ணாகவே ஆகிவிடுகிறாள். பிறகு ஐடிவியின் ‘ஃபுட்பாலர்ஸ் வைவ்ஸ்’ தொடரில் எலைன் ஹார்டி, 2005இல் ‘ஈயான் ஃப்ளக்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு சிறு வேடம். இவற்றில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை.

நிற்க வேண்டிய இடம் இரண்டு தனி அத்தியாயங்கள்.

முதலாவது, 2006 நவம்பரில் பிபிசி ஒளிபரப்பிய ‘டார்ச்வுட்’ தொடரின் ‘சைபர்வுமன்’. ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரிலிருந்து கிளைத்த இந்தக் கதை கார்டிஃபில் நடக்கிறது. மனிதரை உணர்ச்சியற்ற இயந்திரமாக மாற்றும் சைபர்மென்களிடம் அகப்பட்டு, பாதி மாறிய நிலையில் தப்பிய லீசா என்ற பெண்ணை, அவள் காதலன் இயான்டோ தன் அலுவலகத்தின் நிலவறையில் ஒளித்து வைத்திருக்கிறான். அவளுக்கு அணிவித்திருந்த உலோக உடை கவசத்தைவிட நீச்சலுடையை நினைவூட்டுகிறது. அது அன்றே கேலிக்கு ஆளானது, கேலி நியாயமானதுதான். ஆனால் படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். காதலனிடம் வலி தாங்காமல் பேசும் பெண், சற்று நேரத்தில் அதே வாயால் இயந்திரமாகப் பேசுகிறாள். இறுதியில் லீசா தன் மூளையை, பீட்சா கொண்டுவந்த ஓர் அப்பாவிப் பெண்ணின் உடலுக்கு மாற்றிக்கொள்கிறாள். நெற்றியில் வெட்டுத் தழும்போடு முன்பின் தெரியாத ஒருத்தி வந்து நின்று ‘நான்தான் லீசா’ என்கிறாள். சிக்கேசியின் முகம் இல்லாத அந்தக் காட்சி நம்மை உலுக்குகிறதென்றால், அதுவரை அவர் அந்தப் பாத்திரத்தை அத்தனை திடமாக நிறுவியிருக்கிறார் என்பதே காரணம்.

இரண்டாவது, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரின் மூன்றாம் பருவத் தொடக்கம். அதில் அவர் டமாரா, கணவன் ஐசக்கோடு சேர்ந்து பேய்களை வேட்டையாடுபவள். கண்ணெதிரே கணவனைப் பறிகொடுக்கிறாள். அன்றிரவு, அவனுடைய உடலுக்குள் புகுந்த பேய் வாசலில் வந்து நின்று அவன் குரலிலேயே கெஞ்சுகிறது. ‘சைபர்வுமனில்’ இயான்டோவுக்கு நேர்ந்தது இங்கே டமாராவுக்கு நேர்கிறது; அன்புக்குரியவரின் உயிர் அயல் உடலில் நின்றது அங்கே, அன்புக்குரியவரின் உடலில் அயல் உயிர் நிற்பது இங்கே. பதினோரு மாத இடைவெளியில் ஒரே துயரத்தின் இரு பக்கங்களையும் ஒரே நடிகை ஏற்றது தற்செயல்தான். டமாரா கதவுக்கு உள்ளே நின்று காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எதிர்கொண்டு, கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பேயைத் தாக்குகிறாள். தொடரின் நாயகர்கள் இரண்டு ஆண்கள், அவள் ஒருநாள் விருந்தாளி. ஆனாலும் அந்த அத்தியாயத்தில் என் மனத்தில் தங்கியவள் அவள்தான்.

அதன் பின் வேலையின் பெரும்பகுதி அமெரிக்கத் தொடர்களை நோக்கிச் சாய்ந்தது. 2017இல் ‘ஷனாரா க்ரானிக்கிள்ஸ்’ தொடரில் டாம்லின் என்ற அரசியானார். 2023இல் ‘பவர் புக் டூ: கோஸ்ட்’ தொடரின் மூன்றாம் பருவத்தில் நோமா என்ற போதைப்பொருள் வணிகப் பெண்ணாக வந்தார். நாற்பத்தொன்பது வயதில், துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் நிறைந்த ஒரு கதைக்குள், நல்ல உடையும் தாழ்ந்த குரலுமாக நுழைந்து எல்லாரையும் தன் சொல்லுக்குக் காத்திருக்க வைக்கும் பாத்திரம் அது. நோமாவுக்கு அன்யா என்று ஒரு மகள் உண்டு. பெற்றோர் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பி வைத்த அந்தப் பதினான்கு வயதுப் பெண், இப்போது திரையில் தாயின் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பெயர்ப்பட்டியலில் இக்போ பெயர் அப்படியே ஓடுகிறது.