வேலி போடாத ஊர்

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் என்றதும் பச்சை வயல்களும், அவற்றைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் புதர்வேலிகளும்தான் நம் கண்முன் வரும். அந்த வேலிகளில் பல, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வந்தவை, நண்பர்களே. ஊரே சேர்ந்து உழுத திறந்தவெளி வயல்களைத் தனித்தனியாக அடைக்க நாடாளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டது. பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்துப் பிழைத்தவனுக்கு அதோடு பிழைப்பே போயிற்று.

நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே அந்த அடைப்பு முழுசாக நடக்கவே இல்லை. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என மூன்று பெருவயல்கள் இன்றும் வேலியில்லாமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் நீளநீளமான பட்டைகளாகப் பல குடியானவர்களிடம் இருக்கிறது. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும்.

நிலம் இப்படிச் சிதறிக் கிடப்பதால் வயலுக்கு நடுவில் வீடு கட்டி என்ன பயன்? அதனால் பண்ணை வீடுகளும் களஞ்சியங்களும் தெருவோரமாகவே வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்தில் புனித மிக்கேல் தேவாலயம். 1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரை அளந்து வரைந்த படத்தில் ஒவ்வொரு பட்டையும் தெரிகிறது. உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும்கூட அதில் வரைந்திருக்கிறார்!

சரி, வரப்பு இல்லாத இடத்தில் பங்காளிச் சண்டை வராதா? அதற்குத்தான் ஜூரி, அதாவது ஊர்க் குடியானவர்களே சேர்ந்த ஒரு குழு. நவம்பர் கடைசி வாக்கில், கோதுமை விதைத்த வயலை அவர்கள் நடந்தே சுற்றி வருகிறார்கள். எல்லை மங்கிய இடத்தில் மரமுளை அடிக்கிறார்கள். பாதையிலோ, 'சைக்' எனப்படும் பொதுப் புல்தரையிலோ யாருடைய ஏராவது ஏறியிருந்தால் அபராதம் எழுதுகிறார்கள். ஒரு வாரம் கழித்து, டவ்கோட் என்ற உணவகத்தில், அந்த அபராதங்களை முடிவு செய்யும் 'கோர்ட் லீட்' என்ற பழைய ஊர்மன்றம் கூடுகிறது. அது ஊர் வழக்கம் மட்டுமல்ல, சட்டம் ஏற்ற நீதிமன்றம். என்னை மிகவும் நெகிழ வைப்பது இதுதான்: ஏர் சாய்ந்ததைக் கண்டுபிடிப்பவரும் அங்கே ஏர் பிடிப்பவர்தான்.

நிலத்தின் உடைமை மட்டும் கைமாறிக்கொண்டே வந்தது. 1952-இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981-இல் அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணைக்கு. அப்புறமும் அந்த மன்றம் கூடுகிறது; அடுத்த ஆண்டு வயலைச் சுற்றிவர வேண்டிய ஜூரிக்கு அங்கேயே பிரமாணம் செய்துவைக்கிறார்கள்.