வெயில் உள்ள நேரத்தில் தண்ணீர்

வணக்கம். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. 1960-களில் ஏ.டி.டி. 27 ரகத்துக்குத் தஞ்சை மாவட்டத்தில் 'ரேடியோ நெல்' என்றே பெயர். வானொலியில் கேட்டு விதைத்த நெல் அது. இன்று அதே வானொலியில் சோலார் பம்பைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

பாபநாசம் பக்கம் என் அண்ணன் போர்வெல் போட்டுவிட்டு, இலவச மின் இணைப்புக்கு எழுதிக்கொடுத்துப் பல வருடம் காத்திருந்தார். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான். ஆனால் இணைப்பு கிடைத்தவருக்குத்தானே அது இலவசம்? அதுவரை ஆயில் இன்ஜின்தான். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் என்றால், குறுவை நாற்றங்காலை மே மாதமே போட்டாக வேண்டும். அப்போதுதான் ஐப்பசி மழைக்கு முன்னால் அறுக்க முடியும். அக்னி நட்சத்திரத்தில் நாற்று வாட, டீசல் கேனோடு அண்ணன் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்பு வந்தது. 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டம் இது. விலையில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் தருகின்றன. முதல் நாள் காலை எங்கள் அம்மா மஞ்சள் குங்குமக் கிண்ணத்தோடு வந்து, வெயிலை மின்சாரமாக்கும் சோலார் தகட்டின் மேலேயே பொட்டு வைக்கப் போனார். "அம்மா, அதில் வேண்டாம், கம்பத்தில் வையுங்கள்" என்று அண்ணன் பதறினார். அவர் பதறியதில் அர்த்தம் இருக்கிறது. தகட்டின் ஒரு மூலையில் சின்ன நிழல் விழுந்தாலும் மின்சாரம் குறையும். தென்னங்கீற்றின் நிழலும் அப்படித்தான், அறுவடைத் தூசியும் அப்படித்தான். வாரம் ஒருமுறை, வெயில் ஏறும் முன், ஈரத்துணியால் துடையுங்கள். அம்மா கம்பத்தில் பொட்டு வைத்தார். எட்டரை மணிக்கு மெல்லியதாகத் தொடங்கிய தண்ணீர், உச்சிவேளையில் வாய்க்காலை நிறைத்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். நாற்று வாடும் மே மாதத்தில்தான் தகடு நன்றாக வேலை செய்கிறது. கார்த்திகையில் மேகம் மூடி பம்பு மந்தமாகும்போது, நாம் வயலிலிருந்து தண்ணீரை வடிக்க இடம் தேடுகிறோம். டெல்டாவுக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது! நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும் என்று டார்ச் விளக்கோடு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்கவும் வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், தண்ணீர் தேவைப்படும் மாதமும் வெயில் அடிக்கும் மாதமும் ஒன்றே.

ஒரு கவலையும் எனக்கு உண்டு. வெயிலுக்குக் கட்டணம் இல்லை என்பதற்காக நாள் முழுவதும் இறைக்கக் கூடாது. வேதாரண்யம் பக்கத்தவர்களுக்குத் தெரியும், நல்ல தண்ணீர் மேலாக இருக்கிறது, அடியில் உப்பு. அதிகம் இழுத்தால் உப்பு ஏறிவிடும். ஏற்கெனவே இணைப்பு உள்ள பம்புக்கும் தகடு பொருத்தி, மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கே விற்க அதே திட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இந்த வழிதான். இறைக்காத தண்ணீருக்கும் காசு வரும் என்றால் மோட்டாரை நிறுத்த யாருக்குத்தான் மனம் வராது?

மணி ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வீட்டுக் கூரையில் வைக்கும் சோலாரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாய் மானியம். பொருத்தும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, தெருவில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். மின்கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. 2018 கஜா போல ஒரு புயல் அடித்து நாள்கணக்கில் இருட்டானாலும் விளக்கு எரிய வேண்டும் என்றால், பேட்டரியோடு சேர்ந்த அமைப்பாக வாங்குங்கள். பம்பு வேண்டுவோர் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகளோடு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.