தாய் எலியின் நாக்கு

அவையோருக்கு வணக்கம்.

மன அழுத்தம் மரபணுவரைக்கும் போகுமா என்று கேட்டால், என்னால் எலிக்கூண்டிலிருந்துதான் பதில் சொல்ல முடியும். 1957இல் சீமோர் லெவின் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விந்தையை எழுதினார். பிறந்த எலிக்குட்டிகளைத் தினமும் சில நிமிடம் தாயிடமிருந்து பிரித்துத் திரும்ப விட்டால், அவை பயந்தாங்கொள்ளிகளாக அல்லவா வளர வேண்டும்? அப்படி வளரவில்லை. பெரிதான பிறகு அதிர்ச்சியை மற்ற எலிகளைவிட நன்றாகவே தாங்கின. குட்டி திரும்பி வந்ததும் தாய் அதை வழக்கத்தைவிடக் கூடுதலாக நக்கிக் கொடுத்ததே காரணம் என்று பிறகு விளக்கம் வந்தது. பல மணி நேரம் பிரித்து வைத்தாலோ விளைவு நேர்மாறு.

அந்த நக்குதலைப் பிடித்துக்கொண்டவர்கள் கனடாவின் மான்ட்ரியால் மெகில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனியும் மோஷே ஸிஃபும். தாய் எலிகளில் அதிகம் நக்குபவையும் உண்டு, குறைவாக நக்குபவையும் உண்டு. அதிகம் நக்கப்பட்ட குட்டிகளின் மூளையில், ஹிப்போகாம்பஸ் பகுதியில், கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனை உணரும் ஏற்பிகள் கூடுதல். 'போதும், நிறுத்து' என்ற சேதி அங்கிருந்துதான் போகிறது. ஏற்பி குறைந்தால் பதற்றம் அடங்க நேரமாகும்.

இது பரம்பரைக் குணம்தானே என்பீர்கள். அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பிறந்தவுடன் குட்டிகளை மாற்றி வைத்தார்கள். பெற்றவளைப் போல் இல்லாமல், வளர்த்தவளைப் பொறுத்தே குட்டிகள் அமைந்தன! 2004இல் வெளியான ஆய்வு அதன் உள்வேலையைக் காட்டியது. ஏற்பி மரபணுவின் தொடக்கப் பகுதியில், பிறந்த மறுநாள் இரு வகைக் குட்டிகளிடமும் மெத்தில் குறிகள், அதாவது மரபணுவின் வேலையை அடக்கிவைக்கும் சின்ன வேதிக் குறிகள், ஒட்டியிருந்தன. நன்றாக நக்கப்பட்டவற்றில் முதல் வாரத்துக்குள் முக்கியமான ஓர் இடத்தில் அந்தக் குறி விலகியது. மற்றவற்றில் பெரிதான பிறகும் நிலைத்தது. டி.என்.ஏ.வின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மாறியது, அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான்.

குறைவாக நக்கும் தாயைக் கெட்ட தாய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதிகம் நக்கும் எலியையே கர்ப்பத்தில் அழுத்தத்துக்கு ஆளாக்கினால், அதுவும் நக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. அடுத்த ஈற்றிலும் அப்படியே. தாய்க்கு நேர்ந்தது குட்டிக்குப் போய்ச் சேருகிறது. அபாயம் மிகுந்த இடத்தில் பிறக்கும் குட்டிக்குச் சட்டென மிரளும் சுபாவம் உயிர் காக்கவும் கூடும்.

எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று. குறைவாக நக்கப்பட்டு வளர்ந்த எலிகளின் மூளையில் ட்ரைகோஸ்டாட்டின் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். மெத்தில் குறி குறைந்தது, ஏற்பி கூடியது, பதற்றமும் மற்ற எலிகளைப் போல அடங்கியது.

மனிதரிடம்? 2009இல் மெகில் குழு, தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளைகளை ஆராய்ந்தது. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அதே ஏற்பி மரபணுவில் மெத்தில் மிகுந்திருந்தது. ஆனால் ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு பேர்தான். அங்கே யாரும் குழந்தைகளை மாற்றி வைத்துப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. ஆகவே எலியிடம் காரணம் என்று சொல்வதை, மனிதரிடம் தொடர்பு என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.