அழுக்குத் தண்ணீரைக் கொண்டாடும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை மாலையில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க் மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். பேஸ்பால் ஆட்டம் எனக்குப் பாதிதான் புரியும். மீதியைப் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அவர் துள்ளி எழுந்தார். அந்த ஊர் அணியான ரெட் சாக்ஸ் வென்றுவிட்டது என்று புரிந்தது. அடுத்த நொடியே ஒலிபெருக்கியில் கிட்டார் ஒன்று கரகரத்த குரலில், ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப மீட்டத் தொடங்கியது. மைதானம் முழுவதும் சேர்ந்து பாடியது. தாத்தா பாடினார், பேத்தி பாடினாள். என்ன பாடுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், 'அந்த அழுக்குத் தண்ணீர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று பாடுகிறார்கள்!

அந்தப் பாட்டின் பெயரே 'டர்ட்டி வாட்டர்'. பாடியவர்கள் ஸ்டாண்டெல்ஸ் என்ற ராக் இசைக்குழுவினர். பாஸ்டன் நகரத்தை ஒட்டி ஓடும் சார்ல்ஸ் ஆற்றின் கரையைத் தன் ஊர் என்று ஒருவன் சொல்கிறான். அந்தக் கரையில் யாரெல்லாம் இருக்கிறார்கள்? காதலர்கள், வழிப்பறிக்காரர்கள், திருடர்கள். நள்ளிரவு 12 மணிக்குள் அறைக்குத் திரும்பியாக வேண்டிய பெண்களும் உண்டு. அந்நாளில் கல்லூரி விடுதிப் பெண்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. போகிற போக்கில் 'பாஸ்டன் ஸ்டிராங்ளர்' பற்றியும் ஒரு வரி வருகிறது. 1962 முதல் 1964 வரை அந்த நகரத்துப் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. ஊரே கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடந்த காலம் முடிந்து ஈரம் காயவில்லை. அதற்குள் பாட்டில் கேலியாக வந்துவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, 'பாஸ்டன், நீதான் என் வீடு' என்று முடிக்கிறான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாடியவர்களில் யாருக்கும் பாஸ்டன் வீடு இல்லை. ஸ்டாண்டெல்ஸ் குழு கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்தது. வாய்ப்புத் தேடி முகவர்களின் அலுவலக வாசல்களில் நின்று நின்று கால் கடுத்ததால்தான் 'நிற்பது' என்ற சொல்லை வைத்தே குழுவுக்குப் பெயர் சூட்டினார்களாம். கிட்டார் வாசித்த டோனி வாலன்டினோ இத்தாலியில் பிறந்தவர். கீபோர்டு வாசித்தவர் லாரி டாம்பிளின். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடிய டிக் டாட், சிறுவயதில் டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எலிக்காதுத் தொப்பி அணிந்து ஆடிய குழந்தை. பாட்டைப் பதிவு செய்தபோது இவர்கள் பாஸ்டனில் கால் வைத்ததுகூட இல்லை.

பாட்டை எழுதியவர் அவர்களுடைய தயாரிப்பாளர் எட் காப். அவரும் கலிபோர்னியாக்காரர்தான், ஆனால் பாஸ்டனுக்குப் போய்வந்தவர். காதலியோடு ஆற்றுப்பாலத்தில் நடந்துபோனபோது வழிப்பறிக்காரர்கள் மறித்தார்கள் என்றும், அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பாட்டு என்றும் சொல்வார்கள். அப்படியானால் இது நிந்தாஸ்துதிக்கு நேர் எதிர். திட்டுவதுபோலப் புகழ்வது நிந்தாஸ்துதி. காப் புகழ்வதுபோலத் திட்டியிருக்கிறார்.

குழுவினருக்கே பாட்டு முதலில் பிடிக்கவில்லையாம். டாட் தன் போக்கில் சில பேச்சுகளைச் சேர்த்தார். 'உங்களுக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன்' என்று தொடங்கும் அந்த அலட்சியமான குரல் இல்லாவிட்டால் பாட்டில் பாதி உயிர் போய்விடும் என்பது என் கணிப்பு. 1965-இன் இறுதியில் இசைத்தட்டு வெளிவந்தது. உடனே யாரும் சீண்டவில்லை. மாதக்கணக்கில் ஊர்ந்து, 1966 ஜூன் மாதத்தில், அமெரிக்கப் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 11-ஆம் இடத்துக்கு ஏறியது. அதன்பின் அந்தக் குழுவுக்கு அந்த உயரம் மறுபடி வாய்க்கவில்லை. 1972-இல் வந்த 'நக்கெட்ஸ்' என்ற தொகுப்பில் இடம்பெற்றதால், வீட்டுக் கார் கொட்டகையில் கற்றுக்கொண்டு வாசிக்கும் முரட்டுத்தனமான 'கராஜ் ராக்' வகைக்கு முன்னோடிகளில் ஒன்றாக ரசிகர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் 1990-களில் பாஸ்டனின் விளையாட்டு அரங்குகள் பாட்டைத் தூசி தட்டி எடுத்தன. பனிவளைகோல் பந்தாட்ட அணியான புரூயின்ஸ் வென்றாலும் அது ஒலித்தது. 1997 முதல் ரெட் சாக்ஸ் சொந்த மண்ணில் வெல்லும் ஒவ்வொரு முறையும் ஒலித்தது. அப்போது அந்த அணிக்கும் ஆறுதல் தேவையாக இருந்தது. 1918-க்குப் பிறகு அவர்கள் அமெரிக்க பேஸ்பாலின் 'வேர்ல்ட் சீரிஸ்' இறுதித் தொடரை வென்றதே இல்லை. 2004-இல் அந்த இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தின்போது ஸ்டாண்டெல்ஸ் குழுவையே ஃபென்வேக்கு அழைத்துவந்து பாடவைத்தார்கள். தலை நரைத்த லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் பாஸ்டனைத் தங்கள் வீடு என்று பாட, கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தத் தொடரை அணி வென்றது; 86 ஆண்டுக் காத்திருப்பு தீர்ந்தது. பிறகு யார் அந்தப் பாட்டை விடுவார்கள்?

மைதானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன்: "உங்கள் ஊரைத் திட்டுகிற பாட்டில்லையா இது?" அவர் சிரித்தார். "தண்ணீர் அழுக்காகத்தானே இருந்தது!" என்றார்.

அவர் சொன்னது மிகையில்லை. ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் பல தலைமுறைகளாக அந்த ஆற்றில் கலந்தன. 1950-களில் குளிக்கும் துறைகளை மூடினார்கள். பாய்மரப் படகு பழகுபவர்கள் தவறி விழுந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்ன ஆறு அது. பாட்டு வெளியான அதே 1965-இல்தான் ஆற்றைக் காக்க ஒரு மக்கள் சங்கமும் தொடங்கப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. 1995-இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆற்றுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. முதல் மதிப்பெண் 'டி'. சாக்கடைக் குழாய்களைப் பிரித்தார்கள், கள்ளத்தனமான இணைப்புகளைத் தேடி அடைத்தார்கள். மதிப்பெண் மெல்ல மெல்ல 'பி'க்கு ஏறியது. 2011-இல் சர்வதேச ஆற்று விருது ஒன்றும் கிடைத்தது. 2013-இல், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, அனுமதியோடு பொதுமக்கள் ஆற்றில் இறங்கி நீந்தினார்கள்.

பாட்டு மட்டும் மாறவில்லை. ஆறு தெளிந்த பிறகும் அழுக்குத் தண்ணீரைத்தான் பாடுகிறார்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர், தான் பொடியனாகத் திரிந்த காலத்துப் பட்டப்பெயரைப் பழைய கூட்டாளி சொல்லிக் கூப்பிட்டால் உள்ளூர மகிழ்வாரே, அதுபோல.

கரையோரப் படகுக் கூடங்களில் கொடி ஏற்றும் வழக்கம் ஒன்று உண்டு. தண்ணீர் நன்றாக இருந்தால் நீலக் கொடி, மோசமென்றால் சிவப்பு. பெருமழை பெய்தால் இன்றும் சில இடங்களில் சாக்கடை பொங்கி ஆற்றில் கலந்துவிடுகிறது. சிவப்புக் கொடி ஏறிவிடுகிறது. அப்படி ஒரு நாளில் ரெட் சாக்ஸும் வென்றுவிட்டால், அன்று மாலை ஃபென்வேயில் ஆயிரமாயிரம் பேர் பாடுவது எழுத்துக்கு எழுத்து உண்மை.

வணக்கம்.