தேர் நிலைக்கு வரும்வரை

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இளையோர் மனநலத்திற்கே தம் பணிக்காலம் முழுவதையும் அளித்திருக்கும் மூத்த பேராசிரியர் அவர்களே, இரவுப் பணி முடிந்து உறங்கவும் செல்லாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தலைமைச் செவிலியர் அம்மையார் அவர்களே, பள்ளிகளின் சார்பில் வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, உரையாற்ற இசையாவிட்டாலும் மேடையில் அமர இசைந்த ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் மேலாக, தம் பிள்ளைகளைச் சிகிச்சை இல்லங்களில் விட்டுவிட்டு இங்கு வந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன பெரிய சொற்களுக்கு நான் உரியவன் அல்லன். அவற்றில் பாதியையேனும் அந்தச் செவிலியர் அம்மையாரின் காலடியில் வைத்துவிட்டே என் பேச்சைத் தொடங்குகிறேன். அஞ்சல் அலுவலர் ஐயாவை நான் வற்புறுத்தி அழைத்ததன் காரணம் சற்று நேரத்தில் உங்களுக்குப் புலப்படும்.

உறைவிட மனநல சிகிச்சையில் இருக்கும் இளைஞர்களுக்குச் சமூகம் செய்யக்கூடியவற்றை நான்கு தலைப்புகளில் சொல்ல எண்ணி வந்தேன். முதலாவது குடும்பம், இரண்டாவது பள்ளியும் கல்லூரியும், மூன்றாவது வேலைவாய்ப்பு, நான்காவது அக்கம்பக்கத்து மனிதர்கள். நேரம் கருதி, இவற்றுள் பள்ளியையும் அக்கம்பக்கத்தாரையும் பற்றியே இன்று பேசுகிறேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த வாக்கை இன்று நான் பலமுறை சொல்வேன், பொறுத்தருள வேண்டும். தேரோட்டத்தில் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு ஒருவர் நிற்பார். தேர் திரும்ப வேண்டிய இடமும் நிற்க வேண்டிய இடமும் அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லையென்றால் தேர் வீட்டுச் சுவரில் மோதிவிடும். ஆனால் முட்டுக்கட்டை போடுபவரே தேரை இழுக்கவும் முடியாது. மனநல மருத்துவரும் செவிலியரும் உளவியலாளரும் முட்டுக்கட்டை போடுபவர்கள். வடம் பிடிக்க வேண்டியவர்கள் நாம்.

கடுமையான மனச்சோர்வு, உயிருக்கே ஆபத்தாகும் உணவுக் கோளாறு, மனச்சிதைவின் முதல் தாக்குதல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் வேதனை, போதைப் பழக்கத்தோடு பின்னிய மனநோய் முதலியவற்றுக்கு வாரம் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவருவது சில வேளைகளில் போதாது. அப்போது அந்தப் பிள்ளை சில வாரங்களோ சில மாதங்களோ ஓர் இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெறுகிறது. பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவர்கள் மிகச் சிலரே. சிலர் என்பதாலேயே அவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. அங்கே பல இடங்களில் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு உண்டு. பார்வையாளர் நேரம் குறைவு. மருத்துவ நோக்கில் அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆயினும் பதினாறு வயதில், நண்பர்களின் பேச்சே உலகம் என்றிருக்கும் பருவத்தில், அந்தப் பேச்சு ஒரே நாளில் அறுந்துபோகிறது.

பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கால் எலும்பு முறிந்தால் வகுப்பே திரண்டு போய் மாவுக்கட்டின் மேல் பெயரெழுதிவிட்டு வருகிறது. அதே பிள்ளை மனநல சிகிச்சைக்குச் சேர்ந்தால், "வெளியூர் போயிருக்கிறான்" என்று வீட்டார் சொல்கிறார்கள், நாமும் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதை நாகரிகம் என்று நாம் கருதிக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருக்கும் பிள்ளைக்கோ தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் அது தோன்றுகிறது.

இங்கே நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். உரியவனிடம் ஒப்புதல் பெற்றே சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன்.

ஒரு சிகிச்சை இல்லத்தில் வாரம் இருமுறை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலனாக நான் இருந்தேன். அங்கே பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன் என்று அவன் தாய் சொல்வார். நான் பார்த்தவரை அவன் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. கேட்டதற்குத் தலையசைப்பான், அவ்வளவுதான். அவனுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு கடிதம் வரும். எழுதியவர் உறவினர் அல்லர், அவன் வீட்டுக்கு எதிரே கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர். மருத்துவக் குழுவின் அனுமதியோடு அந்தக் கடிதங்களை அவனிடம் கொடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. அவற்றில் நலம் விசாரிப்பு ஒரு வரிக்கு மேல் இருக்காது. அறிவுரை அறவே கிடையாது. மீதியெல்லாம் கடிகாரம்தான். ஒரு கடிதத்தில், பழைய சுவர்க்கடிகாரம் ஒன்று பழுதுக்கு வந்திருக்கிறது, நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம் ஆனதும் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம், எண்ணெய் போட்டுப் பார்த்தேன், மீண்டும் அதே நேரத்தில் நிற்கிறது என்று எழுதினார். மூன்றாம் வாரம், பற்சக்கரங்களையெல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினேன், ஒரு பயனும் இல்லை, உரியவர் வந்து கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதினார்.

பையன் ஒவ்வொரு கடிதத்தையும் படித்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான், ஒன்றும் சொல்ல மாட்டான். நான்காம் வாரம் நான் போனபோது என்னிடம் ஒரு தாள் கேட்டான். அந்த இல்லத்தில் அவன் எவரிடமும் ஏதேனும் கேட்டது அதுவே முதல்முறை என்று செவிலியர் பிறகு சொன்னார். தாளில் கணக்குப் போட்டான், அடித்தான், மறுபடி போட்டான். பிறகு ஒரு கடிதம் எழுதி என்னிடம் நீட்டினான். அதில் இருந்தவை மூன்றே வாக்கியங்கள். "நாலு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்குச் சற்று முன்பு இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று வருகின்றன. அவை உரசுகின்றனவா என்று பாருங்கள். ஆனால் மூன்று மணி பதினாறு நிமிடத்திலும் ஐந்து மணி இருபத்தேழு நிமிடத்திலும் அவை சந்திக்கின்றனவே, அப்போது ஏன் நிற்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை."

மறுவாரம் பதில் வந்தது. முட்கள் உரசுவது உண்மைதான் என்றும், மணி முள்ளைத் தாங்கும் குழல் சற்றே வளைந்திருப்பதால் அந்த ஓர் இடத்தில் மட்டும் முள் மேலெழும்பி நிமிட முள்ளைத் தொடுகிறது என்றும், குழலை நிமிர்த்தியபின் கடிகாரம் இரண்டு நாளாக நிற்காமல் ஓடுகிறது என்றும் அவர் எழுதியிருந்தார். பையன் அந்தக் கடிதத்தை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினான். அவன் குரலை நான் அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். அத்தனை ஆண்டுகள் அந்தத் தொழிலைச் செய்தவருக்கு முட்கள் உரசுவது முதல் நாளே தெரிந்திராதா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அவரிடம் அதை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அந்தக் கடிதம் அவனைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவே மாட்டேன். மருந்தும் உளவியல் சிகிச்சையும் தொடர்ந்தன. அதன்பின் இருமுறை அவன் மிகவும் தளர்ந்துபோனதும் உண்டு. ஆனால் பேசிப் பெறும் சிகிச்சைக்குப் பேசுகிற பிள்ளை வேண்டுமே! அதற்கான வாசலை ஒரு கடிகாரக்காரர் தம் கடையில் இருந்தபடியே திறந்துவிட்டார். அன்றுமுதல் போகும் இடமெல்லாம் கடிதம் எழுதுங்கள், கடிதம் எழுதுங்கள் என்று நான் வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.

இது என் மனம்போன ஆசை மட்டும் அன்று. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் தங்கியிருந்து வீடு திரும்பியபின் தொடர்சிகிச்சையை ஏற்காத 843 பேரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு மட்டும், முன்பு அவர்களைச் சந்தித்துப் பேசிய பணியாளரே சுருக்கமான கடிதங்களை அனுப்பினார். முதல் நான்கு மாதங்கள் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதங்கள் இரு மாதங்களுக்கு ஒன்று, அதன்பின் நான்கு ஆண்டுகள் மூன்று மாதங்களுக்கு ஒன்று என மொத்தம் 24 கடிதங்கள். அவற்றில் எந்தக் கோரிக்கையும் இல்லை, நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற செய்தி மட்டுமே இருந்தது. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்ததை 2001இல் வெளியான அவருடைய ஆய்வுக்கட்டுரை காட்டியது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் நச்சுப்பொருள் உட்கொண்டு மருத்துவமனைக்கு வந்த 772 பேரிடம் இதேபோன்ற ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஓராண்டில் எட்டு அஞ்சலட்டைகள் அனுப்பப்பட்டன. 2005இல் வந்த முடிவில், மீண்டும் அவ்வாறு செய்த நிகழ்வுகளின் எண்ணிக்கை அப்பிரிவில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே அதை எனக்கு எடுத்துச் சொன்னவர். என்றாலும், இவ்வளவு எளிய செயலால் ஓர் உயிரேனும் தங்கும் வாய்ப்பு உண்டென்றால் நாம் ஏன் தயங்க வேண்டும்?

1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, சிகிச்சைக்காக ஓரிடத்தில் வைக்கப்பட்ட குழந்தையின் நிலையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. 37ஆம் பிரிவோ, சுதந்திரம் கட்டுப்படுத்தப்பட்ட குழந்தை கடிதங்கள் மூலமாகவும் சந்திப்புகள் மூலமாகவும் குடும்பத்தோடு தொடர்பு வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. கவனியுங்கள், கடிதம் என்ற சொல் அங்கேயே இருக்கிறது! பிள்ளைகள் தங்கும் எந்த இல்லத்திலும் அந்த உரிமை வரவேற்பறைச் சுவரில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை.

கடிதம் எழுதுவதற்கும் முறை உண்டு. பிள்ளையின் விருப்பமும் சிகிச்சைக் குழுவின் ஒப்புதலும் இன்றி எழுதக் கூடாது. சேர்க்கப்பட்ட செய்தியையே வெளியில் சொல்ல விரும்பாத பிள்ளைக்கு நம் கடிதம் பாரமாகும். "எப்போது வருவாய்" என்று கேட்காதீர்கள். அது அந்தப் பிள்ளையின் கையில் இல்லை. "உன்னைவிடத் துன்பப்படுபவர்கள் எத்தனை பேர்" என்று எழுதவே எழுதாதீர்கள். உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவரிடம் உடம்பு தேறியதா, இளைத்ததா என்ற பேச்சே வேண்டாம். கம்பிச் சுருள் போட்ட குறிப்பேடு, கயிறு, ஊசி, கண்ணாடி ஆகியவற்றைப் பல இல்லங்கள் பாதுகாப்பு கருதி உள்ளே விடுவதில்லை. ஆகவே தாளைக்கூடப் பின் குத்தாமல் மடித்தே அனுப்புங்கள். பதில் வராது என்று எண்ணியே எழுதுங்கள். வராவிட்டாலும் அடுத்த மாதம் எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லையே என்கிறீர்களா? உங்கள் தொழிலை எழுதுங்கள். இன்று உங்களைத் திணறவைத்தது எது என்று எழுதுங்கள்.

பள்ளியைப் பற்றியும் சொல்வதாக முன்னரே கூறினேன். சிகிச்சைக் காலத்தில் பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் இருப்பதும், திரும்பி வரும் முதல் வாரங்களில் அரைநாள் வகுப்புக்கு இடம் கொடுப்பதும், விட்டுப்போன தேர்வைப் பின்னர் எழுத வாய்ப்பளிப்பதும் தலைமையாசிரியர்கள் மனம் வைத்தால் ஆகக்கூடியவை. வகுப்பாசிரியர் ஒரு கடிதம் எழுதினாலோ அந்தப் பிள்ளை பள்ளியை நோக்கிப் பாதி வழி வந்துவிடும்.

அக்கம்பக்கத்தாரால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு பெல்ஜியத்தில் உள்ள கீல் என்ற ஊரைச் சொல்வேன். பல நூற்றாண்டுகளாக அந்த ஊர்க் குடும்பங்கள் மனநோயுற்றவர்களைத் தம் வீட்டில் ஒருவராகத் தங்கவைத்துக்கொள்கின்றன. 1930களின் இறுதியில் ஏறத்தாழ 3,700 பேர் அவ்வாறு வீடுகளில் வாழ்ந்தார்கள். வந்தவரின் நோய்க்கு என்ன பெயர் என்பதை அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லும் வழக்கம்கூட நெடுங்காலம் இருந்ததில்லை. அவர்கள் அறிந்தது மனிதரைத்தான். ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதான். நம்மால் வீட்டைத் திறக்க இயலாமல் போகலாம், உறையைத் திறந்து ஒரு தாளை வைக்கவா இயலாது?

தேர் இழுக்கும் கூட்டம் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும். வெயில் ஏற ஏற வடத்தில் கைகள் குறையும். நிலைக்குக் கொண்டுவரும் கடைசி வளைவில்தான் இழுப்பது மிகவும் கடினம், அப்போதுதான் ஆள் குறைவு. மனநல சிகிச்சையிலும் அந்தக் கடைசி வளைவே ஆபத்தானது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரத்திலும் முதல் மூன்று மாதங்களிலும் தற்கொலை ஆபத்து மிக அதிகம் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. "டிஸ்சார்ஜ் ஆகிவிட்டான், இனிக் கவலையில்லை" என்று நாம் கையை எடுத்துவிடும் நாள்களும் அவையே. ஆகவே என் வேண்டுகோள், ஒரு பிள்ளைக்கு எழுதத் தொடங்குபவர் அந்தப் பிள்ளை வீடு திரும்பியபின் மேலும் ஓராண்டு எழுத வேண்டும் என்பது. நம் கடிகாரக்காரர் இன்றும் எழுதுகிறார். அந்தப் பையன் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறான்.

அவையின் பின்புறம் மேசையில் வெள்ளைத் தாள்களும் உறைகளும் வைத்திருக்கிறோம். கடிதம் பெற ஒப்புதல் தந்திருக்கும் பதினோரு பிள்ளைகளுக்கு வெறும் எண்கள் மட்டும் கொடுத்திருக்கிறோம், பெயர் எங்கும் இராது. ஓராண்டு எழுத முடியும் என்று உறுதியாக நினைப்பவர்கள் மட்டும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் எடுக்காமல் விடுவதே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நன்மை. முதல் கடிதத்தை இங்கேயே அமர்ந்து எழுதலாம். தலைமைச் செவிலியர் அம்மையார் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, நாளைக் காலையில் கையோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதக் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் நம் அஞ்சல் அலுவலர் ஐயா தம் பொறுப்பில் சேகரித்து அனுப்புவார். நன்றி, வணக்கம்.