கல்யாண வீடியோ எடிட் பண்ண கம்ப்யூட்டர் வாங்குறவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் இருபது வருஷமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் குடுத்துட்டு இருக்கேன், எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு கல்யாண வீடியோ எடுக்குற ஸ்டூடியோக்காரங்க. ஆடி மாசம் முகூர்த்தம் இருக்காதுல்ல, அப்பதான் மெஷினை மாத்த வருவாங்க, ஆவணி பொறந்தா வேலை தலைக்கு மேல வந்துடும். அதனால இன்னைக்கு அந்த எடிட்டிங் மெஷினுக்கு பார்ட்ஸ் எப்படி எடுக்கணும்னுதான் பேசப் போறேன்.

போன வருஷம் ஒரு தம்பி மெஷினைத் தூக்கிட்டு வந்தாரு. இன்டெல் ஐ7 14வது தலைமுறை, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 32 ஜிபி ரேம், எல்லாமே நல்ல பார்ட்ஸ், ஆனா டைம்லைன்ல ப்ளே பண்ணா திக்கித் திக்கி ஓடுது. மூணு கேமரா வச்சு எடுத்த முகூர்த்தத்தை மல்டிகேம்ல, அதாவது மூணையும் ஒரே நேரத்துல ஓட விட்டு மாத்தி மாத்தி எடிட் பண்ற முறையில போட்டா அப்படியே நின்னுடுது, அவரும் பாவம் ராத்திரி ராத்திரியா ப்ராக்ஸி, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சின்ன நகல் போட்டு வேலை பாத்துட்டு இருந்திருக்காரு. நான் ப்ராசஸர் பேரைப் பாத்தேன், கடைசில எஃப்னு ஒரு எழுத்து. அவ்வளவுதான் விஷயம். எஃப் போட்ட இன்டெல் ப்ராசஸர்ல உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது, விலை கொஞ்சம் கம்மியா இருக்கும், தனியா கார்டு போடத்தானே போறோம்னு எல்லாரும் அதையே வாங்கிடுறாங்க. ஆனா அந்த உள் கிராபிக்ஸ்லதான் க்விக் சிங்க்னு வீடியோவுக்குன்னே ஒரு பகுதி இருக்கு. இப்போ வர்ற கேமராக்கள்ல 10 பிட் 4:2:2னு கலர் விவரம் அதிகமா இருக்குற முறையில, ஹெச்.265ங்குற சுருக்கின ஃபைலா எடுக்குறாங்க பாருங்க, அதைப் பிரிச்சுக் காட்டுற வேலையை க்விக் சிங்க் அலட்டிக்காம செஞ்சுடும், 4060 கார்டால அது முடியாது. அப்போ மொத்த பாரமும் ப்ராசஸர் கோர் மேல விழுது. எஃப் இல்லாத அதே ஐ7 மாத்திப் போட்டோம், வேற எதையும் தொடல, மூணு கேமராவும் தண்ணியா ஓடுச்சு.

அதனால எங்கிட்ட யாரு வந்தாலும் பட்ஜெட் எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, உங்க கேமரால எடுத்த ஒரு கிளிப்பை பென்டிரைவ்ல போட்டுக் கொண்டாங்கன்னுதான் சொல்லுவேன். அதே 4:2:2வை ஹெச்.264ங்குற பழைய சுருக்குற முறையில எடுக்குற கேமராவா இருந்தா இந்த 14வது தலைமுறை க்விக் சிங்க்கும் கைகொடுக்காது, அதுக்கு 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ் கார்டு வேணும், எடிட்டிங் சாஃப்ட்வேரும் புது வெர்ஷனா இருக்கணும். ஏஎம்டி கம்பெனியோட ரைசன் ப்ராசஸர் எடுக்கலாமான்னு கேப்பாங்க, தாராளமா எடுக்கலாம், 2022ல வந்த ஏஎம்5ங்குற சாக்கெட்ல (போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்) பின்னாடி போர்டை மாத்தாம புது ப்ராசஸர் போட்டுக்க வழி இருக்கு, ஆனா ரைசன் 7000, 9000ல இருக்குற உள் கிராபிக்ஸ் 4:2:2வை எடுத்துக்காது, அதனால ரைசன்னா கூடவே 50 சீரிஸ் கார்டுன்னு முடிவு பண்ணிக்கோங்க. அதுல 5060 டிஐ ரெண்டு விதமா வருது, கார்டு மெமரி 8 ஜிபி, 16 ஜிபி. வீடியோல வர்ற புள்ளிகளைக் குறைக்குற நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுற எடிட்டர் 16 ஜிபிக்குக் கீழ போகவே வேண்டாம்.

இன்டெல் 13, 14வது தலைமுறை எடுக்குறவங்களுக்கு ஒண்ணு. 2024ல அந்த ப்ராசஸர்கள்ல வோல்டேஜ் தேவைக்கு மேல ஏறி, நாளாக நாளாக கிராஷ் ஆகுற பிரச்சினை வந்துச்சு, கம்பெனியே ஒத்துக்கிட்டு மைக்ரோகோட்னு ப்ராசஸருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேருக்கு அப்டேட் குடுத்தாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. அதனால அசெம்பிள் பண்ணதும் முதல் வேலையா போர்டுல இருக்குற பயாஸ் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணச் சொல்லுங்க, அந்த மைக்ரோகோட் அதுலதான் வரும். செகண்ட் ஹேண்ட்ல ஐ7, ஐ9 வர்றதை நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், அது முன்னாடி எப்படி ஓடிச்சுன்னு நமக்கு யாரு சொல்லுவா?

ரேம் ரெண்டு குச்சியா வாங்குங்க, 16 ஜிபி ரெண்டு, முடிஞ்சா 32 ஜிபி ரெண்டு. டிடிஆர் 5ல நாலு குச்சி போட்டா வேகத்தைக் குறைச்சுத்தான் ஓட்ட வேண்டி வரும். ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடணும், அப்புறம் பயாஸ்ல ரேமை முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ ஆன் பண்ணணும், இல்லன்னா 6000 வேக ரேமுக்கு காசு குடுத்துட்டு 4800லயே ஓட்டிட்டு இருப்பீங்க.

ஸ்டோரேஜுக்கு ஒரு கணக்கு சொல்றேன். செகண்டுக்கு 200 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம், எல்லா கேமராவும் சேத்து பத்து மணி நேரம்னா 900 ஜிபி ஆச்சு, ஒரே கல்யாணத்துக்கு. விலை மலிவா கிடைக்குற க்யூஎல்சி வகை எஸ்எஸ்டில கொஞ்ச நேரம் வேகமா காப்பி ஆகும், அதுல இருக்குற கேஷ்ங்குற வேகமான தற்காலிக இடம் நிரம்பினதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிடும். விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, வேலைக்கு டிஎல்சி வகைல ஒரு 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, முடிஞ்ச வேலையைப் போட்டு வைக்க ஹார்ட் டிஸ்க் ரெண்டு, ரெண்டுலயும் ஒரே ஃபைல். அதுல ஒண்ணு மெஷினுக்கு வெளிய இருக்கட்டும்.

அது ஏன் வெளியங்குறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருக்கு. தொழிலுக்கு வந்த புதுசுல ஒருத்தருக்கு பட்ஜெட் பத்தலன்னு மெஷினுக்கு கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ்ல கை வச்சேன், வெயிட்டே இல்லாத ஒரு மலிவு பாக்ஸ். மழைக்காலத்துல ஒரு ராத்திரி கரண்ட் போயிட்டு வந்தப்போ அந்த எஸ்எம்பிஎஸ் போச்சு, போகும்போது போர்டையும் உள்ள இருந்த ரெண்டு ஹார்ட் டிஸ்க்கையும் சேத்துக் கொண்டுபோச்சு. அதுல ரெண்டு குடும்பத்தோட கல்யாணம் இருந்துச்சு. தாலி கட்டுறதை திரும்ப எடுக்க முடியுமா? அந்தப் பொண்ணோட அப்பா கடைக்கு வந்து எதுவும் பேசாம உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது. அன்னையில இருந்து லிஸ்ட்ல நான் எழுதுற முதல் பார்ட் எஸ்எம்பிஎஸ்தான்.

ஐ7 14700கே ஃபுல் லோடுல 253 வாட் வரைக்கும் இழுக்கும், 5060 டிஐ 180, மிச்சம் மீதி எல்லாம் சேத்து 500 வாட்னு வைங்க, 750 வாட் எடுங்க. 80 ப்ளஸ் கோல்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அது கரண்ட் எவ்வளவு வீணாகுதுன்னு மட்டும்தான் சொல்லும், அந்த டெஸ்ட்டும் 23 டிகிரி ரூம்ல எடுக்குறது. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு எல்லாம் இருக்கா, எத்தனை வருஷ வாரண்டின்னு தனியா கேளுங்க. மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா பழைய கேபிளை புதுசுல செருகவே கூடாது, செருகுற பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள வயர் வரிசை மாறும், டிஸ்க் எரிஞ்சிடும். யுபிஎஸ்சும் இப்படித்தான், கடையில சாதாரணமா குடுக்குற 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும், எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போச்சுன்னா மெஷினும் அப்பவே ஆஃப். 1000 விஏக்கு மேல, வீட்டு லைன் கரண்ட் மாதிரியே குடுக்குற ப்யூர் சைன் வேவ் வகைல எடுங்க. வீட்டுல எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாத்துடுங்க.

சூடு பத்தியும் சொல்லணும். கூலர் எவ்வளவு பெருசா இருந்தாலும் ரூம் சூட்டுக்குக் கீழ கொண்டுவராது. ஏசி ரூம்ல 24 டிகிரில 74 காட்டுற ப்ராசஸர், சித்திரை வெயில்ல மாடி ரூம்ல 38 டிகிரின்னா 88 காட்டும், அதே கூலர், அதே வேலை. அதனால முன்னாடி முழுக்க கண்ணாடி வச்ச கேபினெட்டை விட்டுட்டு, வலை மாதிரி ஓட்டை இருக்குறதை எடுங்க, தூசிக்கு ஃபில்டர் கழட்டி கழுவுற மாதிரி இருக்கணும்.

கடைசியா, மெஷினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி உங்க கிளிப்பையே போட்டு கடையிலயே அரை மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓட விடச் சொல்லுங்க, டெம்பரேச்சரை ஸ்க்ரீன்ல வச்சுப் பாருங்க. பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் ஏறியிருக்கான்னு பாருங்க, பாக்ஸ் எதையும் தூக்கிப் போடாதீங்க. கடைக்காரர் நேரமில்லைன்னு சொன்னா மறுநாள் காலைல வர்றேன்னு சொல்லிட்டு வாங்க, ஆடி மாசம்தானே, ஒரு நாள் பொறுக்கலாம். நன்றி, வணக்கம்.