குட்டி ஐரிஸ்: பூவை விட இலையைப் பாருங்கோ

வணக்கம் உறவுகளே. கனடாவில, ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில ஏப்ரல் நடுப்பகுதி. எங்கட வாசல் படிக்குப் பக்கத்துப் பாத்தியிலதான் நிக்கிறன். பனி கரைஞ்ச கையோட இஞ்ச முதல் எழும்பிறது இந்தக் குட்டி ஐரிஸ்தான். 10, 15 சென்ரிமீற்றருக்கு மேல போகாது. இப்ப பாதி பூத்து முடிஞ்சுது, பாதி இன்னும் நிக்குது.

எல்லாம் பூத்து வடிவா நிக்கேக்க வீடியோ எடுத்திருக்கலாமே எண்டு கேப்பியள். வேணுமெண்டுதான் பொறுத்தனான். இதுகளில எது எது எண்டு கண்டுபிடிக்கிறதுக்கும் இலை வேணும், அடுத்த வருசம் திரும்பப் பூக்கிறதுக்கும் இலை வேணும். பூ ஒரு கிழமை, கூடிப்போனா ரெண்டு கிழமை. இலைதான் மிச்சக் கதை முழுக்கச் சொல்லும்.

கமராவைக் கிட்டக் கொண்டு வாறன். ஒரு இலையைக் குறுக்க வெட்டுறன், பாருங்கோ. நாலு மூலை தெரியுதோ? ரெண்டு விரலுக்கு நடுவில வைச்சு உருட்டினா வழுவழுவெண்டு உருளாது, மூலை தட்டும். நுனியில வெள்ளையா ஒரு கூர் இருக்கு, நகத்தால தட்டிப் பாத்தா இறுக்கமா இருக்கும். இது ரெண்டும் இருந்தா உங்கட கையில இருக்கிறது ரெற்றிகுலாற்றாக் கூட்டம்தான், இந்தக் குட்டி ஐரிசுகளின்ர கூட்டத்துக்கு அதுதான் பேர். குறோக்கஸ் எண்டு இதே நேரம் பூக்கிற வேற ஒரு குட்டிப் பூ இருக்கு, அது எண்டா இலையின்ர நடுவால வெள்ளைக் கோடு ஓடும். பியூமிலா எண்டு இன்னொரு குட்டை ஐரிஸ் இருக்கு. அதுக்குத் தட்டையான இலை, விசிறி விரிஞ்ச மாதிரி நிக்கும், பூவின்ர கீழ் இதழில தாடி மாதிரி மயிர் இருக்கும், அடியில இஞ்சி மாதிரிப் படுத்த கிழங்கு. எங்கட இதுக்கு உருண்டைக் கிழங்கு, அதைச் சுத்தி நார் வலை பின்னின தோல். ஜூனோ எண்ட இன்னொரு ஐரிஸ் கூட்டமும் உருண்டைக் கிழங்குதான், ஆனா அடியில தடிச்ச வேர்கள் தொங்கும், இலை வாய்க்கால் மாதிரிக் குழிஞ்சு இருக்கும்.

இந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஆளை ஆள் பிரிக்கவும் இலை உதவும். பூ விரியேக்க இலையே இல்லை, இல்லாட்டி மண்ணுக்கு மேல சின்ன முளை மட்டும் எண்டா ஹிஸ்ற்றியோய்டஸ் எண்டு சந்தேகப்படலாம். அது துருக்கியின்ர வடக்குப் பக்கத்துக்காரன், நல்ல நீலம், பூவும் பெரிசு. இலையில நாலு மூலைக்குப் பதிலா எட்டு வரம்பு ஓடி, கிட்டத்தட்ட வட்டமா இருந்தா அது பேக்கரியானா. அதுக்குக் கீழ வளையிற இதழின்ர நுனி கடும் ஊதா.

மஞ்சள் எண்டா ரெண்டு பேர் இருக்கினம், ரெண்டு பேரையும் குழப்பக் கூடாது. இந்தச் சாடியில நிக்கிறது டான்ஃபோர்டியா. பூவைப் பாருங்கோ. வழக்கமா ஐரிசுக்கு மூண்டு இதழ் கீழ வளையும், மூண்டு இதழ் நிமிர்ந்து நிக்கும், நடுவில பள்ளிக்கூடத்தில படிச்ச தம்பம் மூண்டு கிளையாப் பிரிஞ்சு இதழ் மாதிரியே இருக்கும். இதில நிமிர்ந்து நிக்க வேண்டிய மூண்டையும் தேடுங்கோ. காணேல்லை என? அதுகள் வெறும் மயிர் அளவுக்குச் சுருங்கிப் போச்சு. இதைக் கண்டா வேற ஒண்டும் பாக்கத் தேவையில்லை. மற்ற மஞ்சள் வினோகிராடோவி. ஜோர்ஜியா நாட்டு மலையில, கொஞ்சமாத்தான் மிஞ்சியிருக்கு. வெளிர் மஞ்சள், ஆறு இதழும் முழுசா இருக்கும். மற்ற எல்லாரும் கோடையில காய விரும்ப, இவன் மட்டும் ஈரம் கேப்பான்.

அந்த வினோகிராடோவியையும் ஹிஸ்ற்றியோய்டஸையும் இங்கிலாந்தில ஈ. பி. அன்டர்சன் எண்டவர் கலந்து எடுத்ததுதான் கத்ரின் ஹொட்ஜ்கின். இந்தா, படிக்கு வலப்பக்கம். வெளிர் நீலத்தில கோடு கோடா நரம்பு, நடுவில மஞ்சள். சில ஆக்களுக்கு இந்த நிறம் பிடிக்காது. எனக்கு இதைவிட வடிவான ஐரிஸ் இல்லை.

இன்னொரு விசயம், எங்கட நகரத்து விசயம். கடையில வாற டான்ஃபோர்டியாவுக்கு நிறமூர்த்தம் மூண்டு தொகுதி, அதால விதை பிடிக்காது. ரொறன்ரோவில இருக்கிற, புது ஐரிஸ் வகையள் உருவாக்கிற அலன் மக்மேர்ற்றி துருக்கியில இருந்து ரெண்டு தொகுதி உள்ள, விதை பிடிக்கிற டான்ஃபோர்டியாவைக் கொண்டு வந்து சோஃபெனென்சிஸ் எண்ட இனத்தோட கலந்தவர். வெள்ளையில நீலமும் மஞ்சளும் போட்ட ஐ காச்சர் எண்ட வகை அப்பிடி வந்தது. முந்தி நீலம், ஊதா, மஞ்சள் எண்டு இருந்த கூட்டத்துக்குள்ள செம்மஞ்சள் கூட வந்திருக்கு. இதெல்லாம் எங்கட ரொறன்ரோக் குளிருக்க விதையில இருந்து வளத்தது எண்டு நினைக்கேக்க எனக்குச் சரியான சந்தோசம்.

விதை எண்டதும் ஒண்டு காட்டோணும். பூவுக்குக் கீழ தண்டு மாதிரித் தெரியுதே, அது தண்டில்லை, பூவின்ர குழாய். சூலகம் மண்ணுக்குள்ளதான் கிடக்கு. மெல்ல மண்ணை விலக்கிறன்... இந்தா, அடியில பச்சையாக் கொஞ்சம் தடிச்ச இடம். பூ வாடிக் கன நாளைக்குப் பிறகு விதைக்காய் மண்மட்டத்துக்கு வரும். அதால வாடின பூவை இழுத்துப் பிடுங்காதேங்கோ, விதை வேணுமெண்டா அப்பிடியே விடுங்கோ. விதை போட்டா பூக்க மூண்டில இருந்து ஐஞ்சு வருசம் எடுக்கும்.

இனி வளர்ப்பு. செப்ரெம்பர், ஒக்ரோபரில நடுங்கோ. 10 சென்ரிமீற்றர் ஆழம். எங்கட பக்கக் களிமண்ணுக்குப் பருமணல் கனக்கக் கலக்கோணும், தண்ணி நிண்டா கிழங்கு அழுகும். வாங்கேக்க தோலில மை ஊத்தின மாதிரிக் கறுப்புக் கறை இருந்தா அது பூஞ்சண நோய், தோட்டத்துக்குள்ளேயே கொண்டு வராதேங்கோ. சாடியில வைக்கிற ஆக்கள் சூடு போட்ட வீட்டுக்குள்ள வைக்காதேங்கோ. குளிர் படாட்டி பூக்காது. அதாலதான் ஊரில இருக்கிற சொந்தங்களுக்கு நான் இதைச் சொல்லுறேல்லை.

பூ முடிஞ்ச பிறகுதான் எங்கட உண்மையான வேலை தொடங்குது. இந்த இலை இன்னும் நீண்டு 30, 40 சென்ரிமீற்றர் வரும். நடைபாதையில சரிஞ்சு விழும், பாக்க வடிவில்லை, ஆக்கள் வெட்டிப் போட்டிடுவினம். வெட்டவே கூடாது, முடிஞ்சு கட்டவும் கூடாது. இந்தக் கிழங்கு வருசா வருசம் தேஞ்சு போய், அந்த இடத்தில புதுக் கிழங்கு உருவாகிறது. அந்தப் புதுசுக்குச் சாப்பாடு போடுறது இந்த இலை மட்டும்தான். தக்காளிக்கு ஊத்துற திரவப் பசளையை, பொற்றாசியம் கூடினது, அரைவாசிக்குக் கரைச்சு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஊத்துங்கோ. நைதரசன் கூடின புல்லுப் பசளை வேண்டாம். இலை தானா மஞ்சளாகினா நிப்பாட்டி, கோடை முழுக்கக் காய விடுங்கோ. புல்லுக்குத் தண்ணி அடிக்கிற இடத்தில நட்டா அதுதான் அதுக்கு முடிவு.

டான்ஃபோர்டியா மட்டும் அடம்பிடிக்கும். ஒருக்காப் பூத்தா கிழங்கு உடைஞ்சு அரிசி அளவில கனக்கக் குஞ்சுகளாப் பிரிஞ்சு போகும், அடுத்த வருசம் இலை மட்டும் வரும். 15 சென்ரிமீற்றருக்கும் கீழ நட்டா உடையிறது குறையும் எண்டு நிறையப் பேர் அப்பிடித்தான் நடுகினம். இல்லாட்டி ஒவ்வொரு இலையுதிர்காலமும் புதுசா வாங்குங்கோ, விலை பெரிசா இல்லை. முதன்முதல் நடுறனீங்கள் எண்டா ஹார்மனி எண்ட வகையும் கத்ரின் ஹொட்ஜ்கினும் எடுங்கோ, ரெண்டும் தங்கி நிண்டு பெருகும். வாசம் வேணுமெண்டா ஜே. எஸ். டைற் எண்ட சிவப்பூதா வகை. ஓகஸ்ட்டில கடைக்கு வரத் தொடங்கும், மெத்தெண்டு இருக்கிற கிழங்கை விட்டிட்டு இறுக்கமானதாப் பாத்துப் பொறுக்குங்கோ.